ஜன்னலைப் பார்த்த விளக்கு

கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஆனாலும் அன்று மாலை ஏழு மணிக்கு வாசல் கேட்டுக்கு வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஒருவர் இல்லை. முதலில் ஓர் ஆண், அவருக்குப் பின்னால் இன்னோர் ஆண், அப்புறம் இரண்டு மூன்று பெண்கள், பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் பாடகர் குழு செய்வதுபோல ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் என்று வரிசையாக. சமையலறையில் ரசம் தாளித்துக்கொண்டிருந்த அபிகாயில் அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டாள். செருமல் முடிந்தால் பாட்டு வர வேண்டும். வரவில்லை. எண்ணெயில் கடுகு வெடித்து அடங்கும் சத்தமும், பக்கத்து அறையில் நைனாவின் கட்டைவிரல் ஒரு குமிழைத் தள்ளும் மெல்லிய ஒலியும்தான் மிஞ்சின.

வெளியே போய்ப் பார்த்தாள். மிஷன் காம்பவுண்டுத் தெரு காலியாக இருந்தது. ஏழு வீடுகளின் முகப்பில் காகித நட்சத்திரம் தொங்கி, உள்ளே பல்பு எரிந்து, தெருவின் புழுதிமேல் சிவப்பும் மஞ்சளுமாகச் சாய்ந்திருந்தது. எதிர்ச் சிறுபாலத்தின்மேல் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கி அபி வீட்டுக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. குரைக்கவில்லை. வாலையும் ஆட்டவில்லை.

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். நைனாவின் அறையில், ஜன்னல் கம்பிகளின்மேல் நீல வெளிச்சம் படிந்திருந்தது.

நைனா என்று அவள் கூப்பிடும் அப்பா சத்தியநாதனுக்கு ஆகஸ்டில் பக்கவாதம் வந்தது. வலது கையும் வாயின் வலது ஓரமும் விழுந்துவிட்டன. முப்பது வருஷம் ஹைஸ்கூலில் சயின்ஸ் நடத்தியவருக்கு ஸ்பூனைப் பிடிக்க முடியவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்த பெண், முதல் ஆறு மாதம்தான் கணக்கு என்றாள். அதற்குள் பழைய நிலைக்குத் திரும்புகிற விரல் திரும்பும், திரும்பாதது அப்படியே நின்றுவிடும். கேம் ஆடுகிற கன்ட்ரோலர் ஒன்று வாங்கிக் கையில் கொடுத்து, தினமும் அந்தக் கட்டைவிரலை ஓட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

அபிக்கு வேலையும் திருப்பதியில்தான், தண்ணீர் பரிசோதிக்கிற ஒரு லேபில். காலை ஏழு மணி பஸ்ஸில் போய் மாலை ஆறரைக்குச் சித்தூர் திரும்புவாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் பழைய கன்ட்ரோலர் இரண்டு இருந்தன. ஒன்றில் விளக்கே இல்லை, ஆனால் குமிழ் இறுக்கம். நைனாவின் விரல் அதைத் தள்ளாது. இன்னொன்றை வாங்கி வந்தாள். பழைய டேப்லெட்டை ஜன்னலோரம் ஸ்டூலின்மேல் நிறுத்தி, ஒரு படகு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். கட்டைவிரல் சாய்ந்த பக்கம் படகு சாயும். மூன்று வாரம் படகு கரையில் முட்டிக்கொண்டே இருந்தது. நவம்பர் கடைசியில் ஒருநாள் அது பாலத்தைத் தாண்டியது. அன்று ராத்திரி நைனா மூன்று ஸ்பூன் ரசஞ்சோற்றைத் தானே வாய்வரைக்கும் கொண்டுபோனார். அதற்குப் பிறகு அந்தக் கருவியை எதற்காகவும் விட்டுக்கொடுப்பதாக அபி இல்லை.

தொல்லை அதன் விளக்கு. முன்பக்கத்தில், பிடித்திருப்பவருக்கு எதிர்ப்புறமாக, விரல் நீளத்துக்கு ஒரு நீலப் பட்டை. வெளிச்சத்தை மூன்று அளவாகக் குறைக்கலாம். அணைக்க வழியே வைக்கவில்லை. இணையத்தில் தேடினால் அமெரிக்காவிலிருந்து ஆவடிவரைக்கும் எல்லோரும் இதையே திட்டியிருந்தார்கள். டிவியில் பிரதிபலிக்கிறது, தூங்குகிற குழந்தை முழிக்கிறது, பேட்டரியைத் தின்றே தீர்க்கிறது. அபி லேபில் செய்வதுபோல ஒரு நோட்டுப் போட்டு அளந்தாள். அதிக வெளிச்சத்தில் இரண்டு மணி ஐம்பது நிமிடம். குறைந்த வெளிச்சத்தில் மூன்று மணி இருபது. சார்ஜ் தீரப்போகும்போது விளக்கு மூச்சு விடுவதுபோல மங்கி மங்கி எரியும், அந்த மூச்சு தொடங்கினால் சரியாகப் பதினோரு நிமிடம். பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானாக அணையும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்று ஒட்டிப் பார்த்தாள். கன்ட்ரோலரின் இரண்டு பாதிகள் சேரும் இடுக்கு வழியாக வெளிச்சம் கசிந்து கூரையில் ஏறியது, டேப் சூட்டில் வழுக்கி நைனாவின் விரலில் பிசுபிசுத்தது. திறந்து பார்த்தாள். விளக்கும் குமிழும் ஒரே சர்க்யூட் பலகையில் இருந்தன. ஒன்றைப் பிடுங்கினால் மற்றதும் போகும். மூடிவிட்டாள்.

நான்கு மாதத்தில் நைனா பேசிய முதல் முழு வாக்கியமே இதைப் பற்றித்தான்.

"எதுக்கு இந்த லைட்டு?"

சயின்ஸ் வாத்தியாரின் கேள்வி. அபிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதற்கும் தேடிப் பார்த்துச் சொன்னாள். ஒரு காலத்தில் டிவிமேல் ஒரு கேமரா வைப்பார்களாம். ஆடுகிற ஆளை அதற்கு அடையாளம் தெரியாது, இந்த விளக்கைத்தான் தெரியும்.

"நீங்க எங்க இக்கிறீங்கன்னு தெரிஞ்சிக்கறதுக்காம் நைனா."

நைனா ஜன்னல் பக்கம் பார்த்தார். கோணிய வாயால் ஒரே வார்த்தை கேட்டார்.

"யாருக்கு?"

செருமல் கேட்டதற்கு மறுநாள் அபி டைட்டஸுக்குப் போன் செய்தாள். செல்போன் கடையில் வேலை செய்கிற பையன், இந்த வருஷக் கேரல் செயலாளர். ரவுண்ட்ஸ் பதினாறாம் தேதிதான் கிளம்பும், எங்கள் ஆள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை என்றான். அதோடு அவள் வீடு பட்டியலிலேயே இல்லை. படுக்கையில் ஆள் இருக்கிற வீட்டில் நட்சத்திரம் கட்டமாட்டார்கள், டிரம் அடிக்காமல் தாண்டிப் போய்விட வேண்டும் என்பது இந்தச் சபையில் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். அபி சரி என்று வைக்கப் போனாள். அவன் விடவில்லை.

"தபா தபா பாக்கறேன்க்கா, உங்க ஜன்னல்ல நீலமா ஒரு லைட்டு எரிஞ்சிக்கினே இக்குது. நானே கேக்கலாம்னு இருந்தேன். சார் பாடச் சொல்றாரா?"

அதுவும் அவளுக்குத் தெரியும். மறந்திருந்தாள். நட்சத்திரம் இல்லாத வீட்டின் ஜன்னலில் தனியாக ஒரு விளக்கு இருந்தால், படுத்திருப்பவர் பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறார் என்று அர்த்தம். கூட்டம் சத்தமில்லாமல் உள்ளே வரும், கட்டிலைச் சுற்றி உயர வரிசையில் நிற்கும், ஒரே ஒரு பாட்டை மெல்லப் பாடும். படுத்திருப்பவரும் முடிந்தவரை கூடச் சேர்ந்து பாட வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிசம்பரில் அம்மா அப்படித்தான் ஜன்னலில் மெழுகுவத்தி வைக்கச் சொன்னாள். வந்தார்கள், பாடினார்கள், அம்மாவும் பாடினாள். ஜனவரியை அம்மா பார்க்கவில்லை.

"அது கேம் கன்ட்ரோலர்டா" என்றாள் அபி.

"அது உங்களுக்குத் தெரியும். தெருவுல போறவனுக்கு என்னா தெரியும்?" என்று சிரித்துவிட்டு அவன் வைத்தான்.

அன்று மாலை நைனா ஆட உட்கார்ந்ததும் அபி அறையின் டியூப்லைட்டை அணைத்துவிட்டுக் கட்டிலின் தலைமாட்டில் நின்றாள். நீல வெளிச்சம் ஸ்டூலைத் தாண்டி, கம்பிகளைத் தாண்டி, வாசல் சிமெண்டுப் பாதையில் ஒரு விசிறியாக விரிந்திருந்தது. விசிறியின் ஓரத்தில், கேட்டுக்கு உள்ளே, கால்கள் இருந்தன. பாலிஷ் போட்ட கறுப்பு ஷூக்கள். வெள்ளைச் சேலைகளின் ஓரம். முழங்காலுக்குமேல் வெளிச்சம் எட்டவில்லை. அவள் போனின் டார்ச்சைப் போட்டு அடித்தாள். வெறும் பாதை, ஒரு வாளி, பப்பாளி மரத்தின் அடி. டார்ச்சை அணைத்தாள். கால்கள் அதே இடத்தில் இருந்தன.

கத்தலாம் என்று வாய் திறந்தது. நைனாவின் விரல் குமிழில் ஓடிக்கொண்டிருந்தது, படகு இரண்டாவது பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

பயந்தபோது அபிக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். நோட்டை எடுத்தாள். கேட்டிலிருந்து ஜன்னலுக்குப் பதினாறு அடி. நாற்பது நிமிடம் எரிந்ததும் அந்தக் கால்கள் மூன்று அடி முன்னால் இருந்தன. நகர்ந்ததை அவள் பார்க்கவில்லை, கண் சிமிட்டும் நேரத்தில் நடந்துவிடும். விளக்கைக் கையால் மூடினால் நின்றுவிடும். அணைத்துவிட்டு அரைமணி கழித்துப் போட்டால், விட்ட இடத்திலேயே இருக்கும். மறுநாளும் அப்படித்தான். ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. பத்தாம் தேதி மாலை மீதம் மூன்று அடி இருந்தது. பாச்சை உருண்டை வாசனையும் கஞ்சி போட்ட துணியின் வாசனையும், அவற்றுக்கு அடியில், தோண்டிப் போட்ட ஈரமண்ணின் வாசனையும் கம்பி வழியாக உள்ளே வந்தன. இப்போது வெளிச்சம் இடுப்புவரைக்கும் எட்டியது. கோட்டுப் பொத்தான்கள். கோத்த கைகள். நகங்களில் மண்.

அவள் ஜன்னலுக்கும் விளக்குக்கும் நடுவில் போய் நின்றாள். முதுகில் நீலம் பட்டது. நான்கு பேர் இருக்கிற அறையில் பேசவே தயங்குகிற பெண், இருட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்க ஊட்ல ஸ்டார் கட்டல. பாக்கலியா? போங்க."

போகவில்லை. அடுத்து என்ன செய்வது என்று அவள் யோசித்துப் பார்த்தாள். விளையாட்டை நிறுத்தினால் கால்கள் நிற்கும், நைனாவின் விரலும் நிற்கும். ஆறு மாதத்தில் நான்கு போய்விட்டது. எவனோ வாசலில் நிற்கிறான் என்பதற்காக நைனா ஆயுசுக்கும் அடுத்தவர் கையால் சாப்பிட வேண்டுமா? கட்டிலின் காலைப் பிடித்து, தரை கீறக் கீற இழுத்து, தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டாள். ஸ்டூலை அலமாரிப் பக்கம் கொண்டுபோனாள். இனி விளக்கு சுவரைப் பார்க்கும். ஜன்னல் கதவுகளைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். எங்கள் வீட்டில் எது எந்தப் பக்கம் எரிய வேண்டும் என்று நான்தான் சொல்லுவேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பதினொன்றாம் தேதி ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டாம் தேதி படகு மூன்றாவது பாலத்தைத் தாண்டியது.

பகலில் நைனாவைப் பார்த்துக்கொள்ள சுந்தரம்மா வருவாள். ஐம்பது வயசு, கை வேகம், வாய் அதைவிட வேகம், பாதித் தமிழும் பாதித் தெலுங்கும். கட்டிலை ஏன் திருப்பினாய் என்று அவள் கேட்டபோது, அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் அபி சொன்னாள். காரணத்தைச் சொல்ல வெட்கம். பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் படித்தவள், ஜன்னலுக்கு வெளியே கால் தெரிகிறது என்று யாரிடம் சொல்வது?

பதின்மூன்றாம் தேதி சித்தூருக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றது. முன்னால் ஒரு லாரி குறுக்கே திரும்பிக் கிடந்தது. ஆறேமுக்காலுக்கு அபி சுந்தரம்மாவுக்குப் போன் செய்து, இன்னும் கொஞ்ச நேரம் இருக்க முடியுமா என்று கேட்டாள். அவள் அஞ்சரைக்கே வீட்டுக்குப் போயிருந்தாள், சொந்தக்காரர் வீட்டில் விசேஷமாம்.

"பயப்படாதம்மா, சார் ஜம்முனு இக்கறாரு. ஒரே வேக்காடு. கட்டில பழையபடி ஜன்னல் பக்கம் திருப்பி, கதவத் தொறந்து உட்டேன். அஞ்சேகாலுக்கே ஆட்டத்தக் கையில குடுத்துட்டேன். ஆடிக்கினு இக்கறாரு, பாவம், மனசு சந்தோஷமா."

அபி போனை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினாள். அஞ்சேகால். குறைந்த வெளிச்சம். மூன்று மணி இருபது நிமிடம். எட்டு முப்பத்தைந்துவரைக்கும் எரியும். அந்தப் பேட்டரியை எத்தனை தடவை திட்டியிருப்பாள், நல்ல நேரத்தில் சாகிறது என்று. இன்றைக்கு இப்போதே செத்துத் தொலையேன் என்று பஸ்ஸின் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லாரி நகர ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று.

எட்டு மணிக்குத் தெருமுனையில் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். காம்பவுண்டில் கரண்ட் இல்லை. ஏழு நட்சத்திரங்களும் அணைந்து, கூரைகளிலிருந்து கறுப்பு முட்களாகத் தொங்கின. தூரத்தில் சபைக் கோயிலிலிருந்து கேரல் ஒத்திகையின் டிரம் சத்தம் மட்டும் வந்தது. தெருவில் வெளிச்சம் என்று இருந்தது அவள் வீட்டு ஜன்னலின் நீலம் ஒன்றுதான்.

கேட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் யாரும் இல்லை. அதுதான் அவளை உலுக்கியது.

வாசல் கதவு பூட்டியபடி இருந்தது. திறந்தாள். பாச்சை உருண்டை. கஞ்சி. ஈரமண். வாசனை கூடம் முழுக்க, தொட்டால் ஒட்டும் அளவுக்குக் கனமாக நின்றது. போனின் டார்ச்சைப் போட்டாள். கூடம் காலி. நைனாவின் அறைக்குள் அடித்தாள். கட்டில், நைனா, தண்ணீர்ப் பாட்டில், அலமாரி. காலி. டார்ச்சை அணைத்தாள்.

நின்றுகொண்டிருந்தார்கள்.

கட்டிலின் மூன்று பக்கமும், இரண்டு வரிசையாக, உயரம் பார்த்து. முன்வரிசையில் பெண்கள், பின்வரிசையில் ஆண்கள். நீல வெளிச்சம் கீழிருந்து முகங்களில் ஏறியிருந்தது. எல்லா முகமும் நைனாவின் வாயைப் பார்த்துக் குனிந்திருந்தது. எல்லா வாயும் கொஞ்சமாகத் திறந்திருந்தது. ஒருவரும் மூச்சு விடவில்லை. பின்வரிசையில், ஆக உயரமான ஆளுக்கு அடுத்து, ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. நைனாவின் உயரம். அம்மா அந்த வரிசையில் இருக்கிறாளா என்று அபி தேடவில்லை. தேடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டாள்.

நைனாவின் கட்டைவிரல் குமிழைத் தள்ளிக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தாடை நடுங்கித் திறந்தது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல், தாழ்ந்த சுரம், மேலே ஏறி வந்தது. குனிந்த முகங்கள் இன்னும் குனிந்தன. அவர் கூடச் சேர்ந்து பாடினால் அந்தக் காலி இடம் நிரம்பிவிடும் என்று அபிக்குப் புரிந்தது.

"நைனா. பாடாதீங்க."

அவர் கண்ணை அவள் பக்கம் திருப்பினார். முனகலுக்கு நடுவில் வார்த்தையைப் பிடுங்கி எடுத்தார்.

"போ. அபி, போ."

போகலாம். அல்லது அந்தச் சனியனை இப்போதே அணைக்கலாம். அணைத்தால்? நோட்டில் அவள் கைப்பட எழுதியிருந்தது. அணைந்தால் நிற்பார்கள், பின்னால் போகமாட்டார்கள். இருட்டில், இந்தக் கட்டிலைச் சுற்றி, வாயைத் திறந்தபடி, நாளைக்கும் நாளன்றைக்கும் நைனாவோடு நிற்பார்கள். விளக்கு இருக்கும் பக்கம்தான் வருவார்கள். அப்படியென்றால் விளக்குதான் வெளியே போக வேண்டும்.

அவள் வரிசைக்குள் நுழைந்தாள். தோளில் உரசிய துணி குளிர்ந்திருந்தது. நைனாவின் விரல்களைப் பிடித்தாள். பிடி பிடி என்று இந்த நான்கு மாதமும் அவளே பழக்கிய விரல்கள், இப்போது விடவில்லை. சுண்டுவிரல். மோதிரவிரல். எலும்பு நெறிபடும் சத்தம். நைனா வலியில் கத்தினார், கத்தலில் அந்தச் சுரம் அறுந்தது. கன்ட்ரோலர் அவள் கைக்கு வந்தது.

எல்லா முகமும் நிமிர்ந்தது.

"இந்த வெளக்க ஜன்னல்ல வெச்சது நான்தான்" என்றாள் அபி. "எங்க நைனா உங்களக் கூப்டல. வாங்க. என்கூட வாங்க."

டேப்லெட்டிலிருந்து பத்து மீட்டர் தாண்டினால் இணைப்பு போய்விடும், விளக்கும் போய்விடும். டேப்லெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். விளக்கு எதிர்ப்புறம் எரிவதால் அவள் குமிழைத் தள்ளிக்கொண்டே அவர்களைப் பார்த்தபடி பின்னால்தான் நடக்க வேண்டியிருந்தது. கூடம். நிலைப்படி. பாதை. கூப்பிட்டதாலோ என்னவோ, இப்போது கண் சிமிட்டும்போதெல்லாம் அவர்கள் ஓர் அடி நெருங்கினார்கள். சிமிட்டாமல் பார்த்தாள், கண் எரிந்தது. கடைசி ஆள் நிலைப்படியைத் தாண்டியதும் காலால் கதவை உதைத்துச் சாத்தினாள். உள்ளே நைனா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், தெளிவாக, முழுசாக. அவள் பின்னால் நடந்துகொண்டே இருந்தாள்.

தெரு இரண்டாகப் பிரியும் இடத்தில் டிரம் சத்தம் பெரிதாகக் கேட்டது. இடது பக்கம் கோயில், ஆட்கள், டைட்டஸ், இருபது பிள்ளைகள். வலது பக்கம் நீவா ஆறு. அபி வலது பக்கம் பின்வாங்கினாள். செருப்புக்கு அடியில் தார் போய் மணல் வந்தது. வறண்ட ஆறு. ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை. அவளுடைய மூச்சு. அவளுடைய காலடி. அத்தனை ஷூக்களுக்கும் மணலில் சத்தமே இல்லை.

எட்டு இருபத்து நான்குக்கு விளக்கு மூச்சு விடத் தொடங்கியது. மங்கியது. ஏறியது.

பதினோரு நிமிடம். ஆற்றின் நடுவில் துணி துவைக்கிற கல் ஒன்று கிடந்தது. கன்ட்ரோலரை அதன்மேல் அவர்களைப் பார்த்த மாதிரி வைத்தாள், டேப்லெட்டை அதன் பக்கத்தில் வைத்தாள். தொடாவிட்டாலும் இன்னும் பத்து நிமிடம் எரியும். அதற்குள் ஓடிப்போய் நைனாவைத் தூக்கி ஆட்டோவில் போட்டுவிடலாம். சேருமிடம் இந்த மணல்தான் உங்களுக்கு, நில்லுங்கள். மனசுக்குள் ஒரு சிரிப்புகூட எட்டிப் பார்த்தது. பக்கவாட்டில் இரண்டு அடி வைத்தாள்.

முகங்கள் திரும்பின.

கல்லை ஒருவரும் பார்க்கவில்லை. விளக்கை ஒருவரும் பார்க்கவில்லை. அவள் இன்னும் இரண்டு அடி நகர்ந்தாள். வரிசை முழுவதும் அவளோடு திரும்பியது. அவர்களுக்கு வேண்டியது ஒருபோதும் விளக்கு இல்லை. அதைக் கையில் பிடித்திருந்த ஆள்.

விளக்கு மங்கியது. ஏறியது.

பின்வரிசையில், உயரமான ஆளுக்குப் பக்கத்தில், இப்போது இடைவெளி இல்லை. முன்வரிசையில் இருந்தது. இரண்டு பெண்களுக்கு நடுவில். அவளுடைய தோள் அகலத்துக்கு. அவளுடைய உயரத்துக்கு.

ஓடினால் அவர்கள் வருவார்கள். வீட்டுக்கு ஓடினால் வீட்டுக்கு வருவார்கள். அவள் கல்லிடம் திரும்பி வந்தாள். கன்ட்ரோலரை எடுத்தாள். கையை நீட்டி, அந்த முகங்களுக்கு நேராக, முடிந்தவரை உயரத் தூக்கினாள்.

"பாருங்க. நல்லா பாருங்க. நான் இங்கதான் இக்கறேன். வாயத் தொறக்கமாட்டேன்."

மங்கியது. ஏறியது. இரண்டு பெண்களும் ஓர் அடி முன்னால். இடைவெளி அப்படியே.

மங்கியது. ஏறியது. நகங்களில் இருந்த மண்கூடத் தெரிந்தது.

மங்கியது. இந்தத் தடவை ஏற நேரம் எடுத்தது.

ஏறியபோது எதிரே யாரும் இல்லை. மணல். கரை. தூரத்தில் ஒரு வீட்டின் கறுப்பு. அவளுடைய இடது தோளில் கஞ்சி போட்ட சேலை உரசியது. வலது தோளில் இன்னொன்று. கழுத்துக்குப் பின்னால், குளிர்ந்து, உயரமான ஓர் ஆள்.

அபி பல்லைக் கடித்தாள். விளக்குப் பிடிக்காத கையால் தன் தாடையைக் கீழிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைமேல், மண் ஒட்டிய விரல்கள் ஒவ்வொன்றாக வந்து படிந்தன. இழுத்தன.

அவள் விடவில்லை.